ஐப்பசி அடைமழைக்கு முன்னால் ஊர் வீட்டுக்கு என்ன வாங்கலாம்? இன்வெர்ட்டரா, ஜெனரேட்டரா?

பேராவூரணிக்காரன் | துபாய்

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவும் அம்மாவும் பேராவூரணிப் பக்கம் கிராமத்தில் தனியாக இருக்கிறார்கள். அப்பா எழுபதைத் தாண்டிவிட்டார். அம்மாவுக்குச் சர்க்கரை, தினமும் இன்சுலின். 2018 கஜா அன்று நானும் ஊரில்தான் இருந்தேன், அதனால் புயல் எப்படி இருக்கும் என்று எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். இப்போது நான் இங்கே, தங்கை பெங்களூரில். மழைக்குள் வீட்டுக்கு ஒரு இன்வெர்ட்டர் போட்டுவிடலாம் என்று பார்க்கிறேன். 150 ஏஎச் பேட்டரி போட்டால் "ரெண்டு நாள் தாங்கும் சார்" என்கிறார் கடைக்காரர். நம்பலாமா? இல்லை ஜெனரேட்டருக்குப் போகலாமா? வேறு ஊர், வேறு நாட்டில் இருப்பவர்கள் நாள் கணக்கில் கரண்ட் இல்லாமல் எப்படிச் சமாளித்தீர்கள் என்றும் எழுதுங்கள். பட்ஜெட் ஐம்பதாயிரம்.

வோல்ட்டேஜ் வேலு | கோயம்புத்தூர்

கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். 12 வோல்ட், 150 ஏஎச் என்றால் காகிதத்தில் 1800 வாட் ஹவர். பேட்டரியை அடிமட்டம் வரை வடியவிட்டால் அதன் ஆயுள் போகும். இன்வெர்ட்டரும் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும். கைக்கு வருவது 1000, மிஞ்சினால் 1200. பழைய மின்விசிறி ஒன்று 75 வாட். இரண்டு விசிறி, மூன்று எல்.இ.டி. பல்பு என்றால் 180 வாட்டுக்குப் பக்கத்தில் வரும். ஆறு மணி நேரத்தில் கதை முடிந்தது. பி.எல்.டி.சி. விசிறி என்றால் ஒன்று 30 வாட்தான் இழுக்கும், அதே பேட்டரி பன்னிரண்டு மணி நேரம் ஓடும். ரெண்டு நாள் வேண்டுமென்றால் விசிறியைத் தொடாமல் ஒன்றிரண்டு பல்போடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அதை விட முக்கியமானது, இன்வெர்ட்டருக்குக் கரண்ட் திரும்பி வந்தால்தான் உயிர். இரண்டு மணி நேரக் கட்டுக்குச் சரி. கஜா மாதிரி வாரக் கணக்கில் போனால் முதல் ராத்திரியோடு அது வெறும் பெட்டி. வடிந்த பேட்டரி அப்படியே கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்துவிடும், பிறகு கரண்ட் வந்தாலும் பழைய மாதிரி நிற்காது.

சரளா | திருத்துறைப்பூண்டி

தம்பி, கஜாவில் ஊரில் இருந்தேன் என்கிறீர்கள், அப்புறமும் விளக்கையும் விசிறியையும் பற்றியே கேட்கிறீர்களே! நவம்பர் 16 விடிந்ததும் உங்கள் வீட்டில் முதலில் எதைத் தேடினார்கள் என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். எங்கள் தெருவில் தண்ணீரைத்தான் தேடினார்கள்.

டெல்டாவில் இன்று எல்லா வீட்டிலும் போர், சப்மெர்சிபிள் மோட்டார், மாடியில் டேங்க். மோட்டார் வந்ததும் அடிபம்பைக் கழற்றி எறிந்தாயிற்று. கிணறு இருந்த வீட்டில் அதில் குப்பையைக் கொட்டி மூடியாயிற்று. அன்றைக்கு டேங்கில் இருந்த தண்ணீர் மறுநாள் மத்தியானம் வரைக்கும்தான் வந்தது. ஊராட்சி மேல்நிலைத் தொட்டிக்கும் மோட்டார்தானே தண்ணீர் ஏற்ற வேண்டும்? கஜாவில் சாய்ந்த மின்கம்பங்கள் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல். நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை என்று நாலு மாவட்டமும் ஒரே நேரத்தில் இருட்டு. எந்த ஊருக்கு யார் முதலில் வருவார்கள்?

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் வீட்டில் மட்டும் பழைய அடிபம்பு இருந்தது. விடியற்காலை நாலு மணிக்கே குடத்தோடு வரிசை நிற்கும். அப்புறம் குட்டியானையில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள், வீட்டு வாசலில் நிறுத்தி, மோட்டாருக்கு ஒயரைக் கொடுத்து, டேங்க் நிரம்பும் வரை ஓட்டிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போவார்கள். முதல் நாள் ஒரு விலை, மூன்றாம் நாள் வேறு விலை. கொடுத்தோம், வேறு வழி? அந்த வாரம்தான் திருக்கார்த்திகை வந்தது. ஊரே அகல் விளக்கில்தான் கிடந்தது, தீபத்துக்கென்று தனியாக ஏற்ற வேண்டியிருக்கவில்லை.

இருட்டில் கிடக்கலாம். கக்கூசுக்குத் தண்ணீர் இல்லாமல் எழுபது வயது ஆளை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள்? உங்கள் ஐம்பதாயிரத்தில் முதல் காசு தண்ணீருக்குப் போகட்டும்.

முத்துப்பேட்டை முரளி | முத்துப்பேட்டை

அக்கா சொன்னதற்கு ஒரு கையெழுத்து. அந்த ஜெனரேட்டர் வண்டிக்காரர் எங்கள் தெருவுக்கும் வந்தார் 😄

பேர்லாந்து பாலா | ஹூஸ்டன்

டெக்சாஸ் கதையைச் சொல்கிறேன். எங்களுக்கு இரண்டு விதமாகவும் அடி விழுந்தது, ஒருமுறை குளிரில், ஒருமுறை வெயிலில்.

2021 பிப்ரவரி, யூரி பனிப்புயல். அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்கு ஒரு மின்தொகுப்பு, மேற்குக்கு ஒன்று. டெக்சாஸின் பெரும்பகுதி மட்டும் இரண்டிலும் சேராமல் தனியாக ஓடுகிறது. எரிவாயு மின்நிலையங்கள் உறைந்து மின் உற்பத்தி சரிந்தபோது பக்கத்து மாநிலங்களிடமிருந்து பெரிதாக வாங்க வழியில்லை. 45 லட்சம் வீடுகள், கடைகளுக்கு மின்சாரம் போனது. இன்னும் 4 நிமிடம் 37 விநாடி போயிருந்தால் மொத்தத் தொகுப்பும் விழுந்து, எழுப்ப வாரக் கணக்காகியிருக்கும் என்று மின்தொகுப்பு நிர்வாகமே பிறகு சொன்னது. மாநில அரசின் கணக்கில் இறந்தவர்கள் 246 பேர். பலர் குளிரில் விறைத்துப் போனவர்கள். காரைப் பூட்டிய கராஜில் ஓடவிட்டும், கரி அடுப்பை வீட்டுக்குள் மூட்டியும் கார்பன் மோனாக்சைடில் போனவர்களும் உண்டு. அந்த வாயுவுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. தூக்கம் வருகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

இங்கேயும் கடைசியில் தண்ணீரில்தான் வந்து நின்றது, சரளா அக்கா. சுவருக்குள் போகும் குழாயில் தண்ணீர் உறைந்து வெடித்தது. வெடிக்காத வீட்டிலும் அழுத்தம் இல்லை. ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஆட்களைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்னார்கள். மின்சார அடுப்பு வைத்திருந்தவர்கள் எதில் கொதிக்கவைப்பது? எங்கள் வீட்டில் முற்றத்துப் பனியை அள்ளிக் கழிப்பறைக்கு ஊற்றினோம்.

அடுத்தது 2024 ஜூலை, பெரில் சூறாவளி. ஹூஸ்டன் வட்டாரத்தில் 22 லட்சம் இணைப்புகளுக்கு மேல் போச்சு. இந்த முறை நல்ல கோடை. ஏசி இல்லாமல் வாழவே கட்டாத வீடுகள் இவை, ஜன்னலைத் திறந்தால் காற்று வரும் என்ற யோசனையே கட்டியவனுக்கு இருந்ததில்லை. எந்தப் பகுதியில் கரண்ட் இருக்கிறது என்று காட்டும் வரைபடமும் அப்போது வேலை செய்யவில்லை. அதற்கு ஜனங்கள் கண்டுபிடித்த வழி: வாட்டாபர்கர் கடை ஆப்பைத் திறப்பது. எந்தக் கிளை திறந்திருக்கிறதோ அந்தப் பக்கம் கரண்ட் இருக்கிறது! சிரிக்காதீர்கள், நாங்களும் அதைப் பார்த்துத்தான் வண்டியை எடுத்தோம்.

ஜெனரேட்டர் வாங்கினால் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: வீட்டுக்குள், திண்ணையில், ஜன்னலுக்கு அடியில் வைக்கவே கூடாது. இருபது அடியாவது தள்ளி, புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். மழை பெய்கிறதே என்று அப்பா அதை உள்ளே இழுத்து வைப்பார். என் அப்பாவாக இருந்தாலும் அதைத்தான் செய்வார்.

பேராவூரணிக்காரன் | துபாய்

அக்கா, அம்மாவிடம் போனில் கேட்டேன். "தண்ணிதான்டா, வேற என்ன" என்றார். சரி, ஒப்புக்கொள்கிறேன். வீட்டில் 1 எச்.பி. சிங்கிள் ஃபேஸ் சப்மெர்சிபிள். கொல்லையில் பழைய கிணறு இருக்கிறது, மூடவில்லை, ஆனால் இறைப்பதில்லை. ஜெனரேட்டரை வாங்கி மீட்டர் போர்டு பக்கத்தில் இருக்கும் பிளக்கில் சொருகிவிட்டால் வீடு முழுக்கக் கரண்ட் வரும் என்று ஊரில் ஒருவர் சொல்கிறார். சுலபமான வழியாகத் தெரிகிறதே?

கம்பத்துக்காரர் | மன்னார்குடி

தம்பி, அந்த ஆளைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். முப்பது வருடத்துக்கு மேல் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இதற்குப் பதில் எழுதத்தான் இந்தத் தளத்தில் கணக்கே தொடங்கினேன்.

பிளக்கில் சொருகினால் உங்கள் வீட்டுக்கு மட்டும் கரண்ட் வராது. மெயினை அணைக்க மறந்தால் சர்வீஸ் ஒயர் வழியாகக் கம்பத்துக்குப் போகும், அங்கிருந்து ட்ரான்ஸ்பார்மருக்குப் போகும். ட்ரான்ஸ்பார்மருக்கு எந்தப் பக்கம் என்ற பேதம் தெரியாது. 11,000 வோல்ட்டை இறக்கி வீட்டுக்கு 230 தருகிற அதே பெட்டி, இந்தப் பக்கம் 230 கொடுத்தால் அந்தப் பக்கம் 11,000 ஆக ஏற்றிவிடும். நாங்கள் சப் ஸ்டேஷனில் எல்.சி. (லைனை அணைத்தாயிற்று, வேலை செய்யலாம் என்ற அனுமதி) வாங்கி, லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருப்போம். ரிட்டர்ன் வருகிறது என்று அந்த நேரத்தில் யார் வந்து சொல்வது? கம்பியைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடு மாட்டாமல் தொடக்கூடாது என்பது விதி. சேற்றில், மழையில், ஊரே சுற்றி நின்று "எப்ப வரும், எப்ப வரும்" என்று கத்தும்போது விதி எல்லா நேரமும் நடக்காது.

சேஞ்ச் ஓவர் சுவிட்ச் என்று ஒன்று இருக்கிறது. ஒன்று இ.பி., இல்லாவிட்டால் ஜெனரேட்டர். இரண்டும் ஒருசேர வீட்டு ஒயரில் சேரவே முடியாது. பெரிய செலவு கிடையாது. அது இல்லாமல் ஜெனரேட்டர் வேண்டாம்.

கஜாவில் ஏன் அவ்வளவு நாளானது என்று எல்லோரும் கேட்பார்கள். ஒரு சிமென்ட் கம்பம் இருநூறு, முந்நூறு கிலோ. வயலில் தண்ணீர் நிற்கிறது, நாற்று நட்டிருக்கிறது, லாரி இறங்காது, கிரேன் இறங்காது. தோளில் சுமந்துதான் கொண்டுபோனோம். கேரளாவிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் ஆட்கள் வந்து எங்களோடு சேற்றில் நின்றார்கள். முதலில் சப் ஸ்டேஷனுக்கு வரும் பெரிய லைன், அப்புறம் 11 கேவி ஃபீடர், அப்புறம் ட்ரான்ஸ்பார்மர், அப்புறம்தான் தெருக் கம்பி. அதிலும் ஆஸ்பத்திரி, குடிநீர் மோட்டார் முதலில். ஃபீடரின் வால் பக்கம் வீடு இருந்தால் கடைசியாகத்தான் வரும், அதற்கு எந்த எம்.எல்.ஏ. சொன்னாலும் ஒன்றும் செய்ய முடியாது.

கிழக்குக்கரை கேசவன் | கடலூர்

எல்லாம் சரி ஐயா, 2011 தானே புயலில் பாடம் படித்தும் ஏன் இன்னும் கம்பத்திலேயே கம்பியைத் தொங்கவிடுகிறார்கள்? பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் போனது போனதுதான், கம்பமாவது மிஞ்சியிருக்கலாம்.

கம்பத்துக்காரர் | மன்னார்குடி

உங்கள் கடலூர் நகரத்திலேயே பூமிக்கடியில் கேபிள் போட்டார்களே தம்பி. தானேவுக்குப் பிறகு உலக வங்கி உதவியில் கடலூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணிக்கெல்லாம் வந்தது. நகரத்தில் பக்கத்துப் பக்கத்தில் வீடு இருக்கும்போது அந்தச் செலவு கட்டும். வயலுக்கு நடுவில் பம்ப்செட், தோப்புக்குள் ஒரு வீடு என்று கிலோமீட்டர் கணக்கில் போகும் லைனுக்கு யார் கொடுப்பது? அதோடு கேபிள் போட்டால் காற்றுக்குப் பயமில்லை. வெள்ளத்துக்கு வேறு பயம்.

வேளச்சேரிவாசி | சென்னை

அந்த வேறு பயத்தை நாங்கள் சொல்கிறோம். சென்னையில் பெரும்பாலும் பூமிக்கடி கேபிள்தான். காற்று மட்டும் அடித்தால் தெருவில் மரம் விழும், சில நாளில் சரியாகும். 2016 டிசம்பர் 12 வர்தா அப்படி. 2023 மிக்ஜாம் வேறு மாதிரி. பெரிய சேதம் தண்ணீரால் வந்தது. தெரு ஓரத்துப் பில்லர் பாக்ஸ், அதாவது கேபிளிலிருந்து வீடுகளுக்குக் கரண்ட் பிரியும் பெட்டி, முங்கினால், கம்பி ஒன்றும் அறுந்திருக்காது, இருந்தும் கரண்ட் கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் தெருத் தண்ணீரில் கால் வைத்தவன் சாவான். பல இடத்தில் பாக்ஸை மேடை கட்டி உயர்த்தியிருக்கிறார்கள், எல்லா இடத்திலும் இல்லை. தண்ணீர் வடிந்தால்தான் கரண்ட், அதனால் "ஏன் இன்னும் வரவில்லை" என்று போன் போடுவதற்கு முன்னால் தெருவை எட்டிப் பார்க்க வேண்டும்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் பொதுவாக ஜெனரேட்டர் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பார்கள். அது எங்கே இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். பேஸ்மென்ட்டில் இருந்தால் அது முதலில் முங்கும், சம்ப் மோட்டாரும் கூடவே.

வர்தா பற்றி இன்னொன்று, இப்போது மறந்துவிட்டது. நவம்பர் 8-ல் ஐந்நூறு, ஆயிரம் செல்லாது என்று அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் காசில்லை, ஏ.டி.எம்.மில் பெரும்பாலும் பணமில்லை. கார்டு தேய்க்கலாம் என்றால் கரண்ட்டும் இல்லை, டவரும் இல்லை. பால் பாக்கெட் வாங்க எங்கள் தெருக் கடையில் நோட்டுப் புத்தகத்தில் பற்று எழுதினார்கள். இன்று எல்லாரும் போனில்தான் பணம் கொடுக்கிறோம். டவர் போனால் அதே நிலைமைதான். அப்பா அம்மா வீட்டில் சில்லறையாக, பத்தும் ஐம்பதும் நூறுமாகக் கொஞ்சம் வைத்துவிட்டு வாருங்கள்.

சூரியவீடு | மதுரை

நாங்கள் மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டுவிட்டோம். மத்திய அரசு மானியம் 78,000 வந்தது. இனி கரண்ட் போனாலும் கவலையில்லை என்று நினைக்கிறேன். நீங்களும் சோலாருக்கே போகலாமே?

வோல்ட்டேஜ் வேலு | கோயம்புத்தூர்

சூரியவீடு, நல்ல வெயில் நேரத்தில் உங்கள் மெயினை அணைத்துப் பாருங்கள். சோலாரும் சேர்ந்தே நிற்கும். அந்தத் திட்டத்தில் பெரும்பாலும் போடுவது ஆன்கிரிட். தெருவில் கரண்ட் இல்லை என்று தெரிந்ததும் அது தானாகவே நின்றுவிடும், அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். கம்பத்துக்காரர் ஐயா சொன்ன அதே ரிட்டர்ன் விஷயம்தான் காரணம். கரண்ட் இல்லாதபோதும் ஓட வேண்டுமென்றால் பேட்டரியோடு ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வேண்டும், அது வேறு விலை. மானியம் வாங்கிக் கொடுக்கும் ஏஜென்ட்டுகள் இதைச் சொல்வதில்லை.

பேராவூரணிக்காரனுக்கு: சின்னதாக ஒரு 500 வாட் பேனல் நல்ல வெயிலில் நாளைக்கு 2 யூனிட் தரும். புயல் போன பிறகு பெரும்பாலும் வானம் வெளுத்துவிடும், போன், பல்பு, ஒரு விசிறிக்குத் தாராளம். பேனலைக் கழற்றி உள்ளே வைக்கிற மாதிரி மாட்டச் சொல்லுங்கள், கஜாவில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டே பறந்தது.

சூரியவீடு | மதுரை

அணைத்துப் பார்த்தேன். நின்றுவிட்டது. நன்றி, ஏஜென்ட்டிடம் பேசிக்கொள்கிறேன்.

மட்டுநகர் மாமா | ஸ்கார்பரோ

பிள்ளைகள், நான் இரண்டு ஊர்க் கதை சொல்லலாம். 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பில் சூறாவளி அடிக்கேக்க நான் பள்ளிக்கூடம் போற வயசு. ஆயிரம் பேரளவில் செத்தார்கள். தென்னந்தோட்டங்கள் ஒரே பக்கமாய்ச் சாய்ந்து கிடந்தன. கரண்ட் எத்தனை நாளைக்குப் பிறகு வந்தது என்று யாரும் என்னிடம் கேட்கலாம், ஆனால் எங்கட பக்கத்தில் அப்ப கரண்ட் இருந்த வீடே குறைவு. குப்பி விளக்கு முன்னமும் இருந்தது, பிறகும் இருந்தது. கிணறு இருந்தது. கூரையும் சோறும்தான் இல்லை. தண்ணிக்குக் கஷ்டப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

2013 டிசம்பர் 21 இரவு, நத்தாருக்கு (கிறிஸ்துமஸ்) சில நாள் முன்னம், ரொறன்ரோவில் உறைமழை. மழையாகத்தான் விழும், விழுந்த இடத்தில் கண்ணாடியாய்ப் பிடிக்கும். அந்தப் பாரத்தில் கொப்பு முறிந்து கம்பியில் விழும். மூன்று லட்சம் இணைப்புகள் இருட்டு. ஸ்கார்பரோவில் பெரிய பழைய மரங்கள் கூட, அதனால் எங்களுக்கு அடி கூட. வீட்டுச் சூடாக்கி காஸில்தானே ஓடுது, பயமில்லை என்று இருந்தவர்கள் எல்லாரும் திகைத்துப் போனார்கள். காஸ் எரியும், ஆனால் சூட்டை வீட்டுக்குள் தள்ளுற விசிறிக்குக் கரண்ட் வேணும். அடுக்குமாடியில் மேல்தளங்களுக்குத் தண்ணி ஏறவில்லை, லிப்ட் இல்லை, வயசான ஆட்கள் படியால் இறங்கேலாது. குளிரூட்டிக்குள் இருந்த இறைச்சியைப் பால்கனியில் வைத்தோம், வெளியில் அதைவிடக் குளிர்.

எனக்கு அப்பவும் இப்பவும் தோன்றுகிறது இதுதான். 78-இல் எங்களிட்டப் போறதுக்கு ஒன்றும் இருக்கவில்லை. இப்ப ஒரு கம்பி அறுந்தால் தண்ணி, சூடு, சமையல், லிப்ட், காசு எல்லாம் ஒரே நேரத்தில் போகுது. தம்பி, அந்தக் கொல்லைக் கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கி, கப்பியும் கயிறும் போட்டு விடும். அதுக்குப் பெட்ரோல் தேவையில்லை.

கால்வே கலை | அயர்லாந்து

மாமா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். இங்கே 2025 ஜனவரி 24 எயோவின் புயல். கால்வே கடற்கரையில் மேஸ் ஹெட்டில் காற்று மணிக்கு 180 கிலோமீட்டரைத் தாண்டியது, 1945-லிருந்து நின்ற பழைய பதிவை முறித்தது. 7,68,000 இணைப்புகளுக்கு மின்சாரம் இல்லை. இது பணக்கார ஐரோப்பிய நாடு, ஆனால் கிராமத்தில் பல வீடுகளுக்குச் சொந்தப் போர்தான், மோட்டார்தான். டெல்டா மாதிரியே குழாய் வறண்டது. புதிதாக ஹீட் பம்ப் போட்ட வீடுகள் குளிரில் நடுங்கின, பழைய அடுப்பில் கரி போட்டு எரித்தவர்கள் வீட்டில் அக்கம்பக்கமே போய் உட்கார்ந்தது. ஊர் விளையாட்டுக் கிளப் கட்டிடங்களை ஜெனரேட்டரோடு திறந்துவிட்டார்கள். போன் சார்ஜ், சுடுதண்ணீர்க் குளியல், சாப்பாடு, எல்லாம் அங்கே. நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமைத்துப் போடுவோமே, அதேதான்.

நான் நர்ஸ், அம்மாவின் இன்சுலினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஃப்ரிட்ஜ் நின்ற உடனே அதைத் தூக்கி எறிய வேண்டாம். பெரும்பாலான இன்சுலினைத் திறந்த பிறகு 25, 30 டிகிரிக்குள் நாலு வாரம் வரை வெளியே வைக்கலாம், அவருடைய மருந்தின் பெட்டியில் எத்தனை நாள் என்று அச்சிட்டிருக்கும். வெயில் படாமல், ஈர மணலில் வைத்த மண்பானைக்குள், தண்ணீர் படாத டப்பாவில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். ஐஸ் கட்டிமேல் நேராக வைக்கக் கூடாது, உறைந்த இன்சுலின் வீண். கட்டி கட்டியாகவோ நிறம் மாறியோ தெரிந்தால் போட வேண்டாம். புயல் எச்சரிக்கை வந்ததும் ஒரு மாத மருந்து, ஊசி, குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப், பேட்டரி எல்லாம் கையில் இருக்க வேண்டும். சோறு நேரத்துக்குக் கிடைக்காமல் ஊசி மட்டும் நேரத்துக்குப் போட்டால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும், அதை அப்பாவுக்குச் சொல்லி வையுங்கள். கையெட்டும் தூரத்தில் சர்க்கரை டப்பா இருக்கட்டும்.

ஃப்ரிட்ஜைத் திறக்காமல் வைத்தால் நாலு மணி நேரம் குளிர் நிற்கும். நிரம்பிய ஃப்ரீசர் இரண்டு நாள் கூடத் தாங்கும். அதனால் முன்கூட்டியே தண்ணீர் பாட்டில்களை ஃப்ரீசரில் அடைத்து வைப்பது நல்லது, பிறகு அதையே குடிக்கலாம்.

பதுளையான் | இலங்கை

இங்கே எல்லாரும் கரண்ட் எப்போது வரும் என்று பேசுகிறீர்கள். 2025 நவம்பர் டித்வா புயலில் மலையகத்தில் எங்களுக்கு அது ஆறாவது ஏழாவது கவலை. மலை சரிந்து பாதை போச்சு, பாலம் போச்சு. பழுது பார்க்க ஆள் வர வேண்டுமென்றால் அவர் வருவதற்கு வழி இருக்க வேண்டுமே. தோட்டத் தொழிலாளர்களின் லயன் அறைகளில் இருந்த சனம் கோயிலிலும் பள்ளியிலும் கிடந்தது. மாவும் அரிசியும் பருப்பும் முன்கூட்டி வாங்கி வைத்தவர்கள் சமாளித்தார்கள். உங்கள் ஊர் சமதரை, பாதை திறக்கும். இருந்தாலும் அரிசி, பருப்பு, காஸ் சிலிண்டர் இரண்டு வாரத்துக்கு இருக்கட்டும்.

ஒடிசா ராஜு | புவனேஸ்வர்

வங்கி வேலையாக இங்கே இருக்கிறேன். 2019 மே 3 ஃபானி. 1999 பெரும்புயலில் இந்த மாநிலத்தில் பத்தாயிரம் பேரளவில் போனார்கள், ஃபானியில் 64. பன்னிரண்டு லட்சம் பேரை முன்கூட்டியே கூட்டிக்கொண்டு போய் முகாமில் வைத்தார்கள். உயிரைக் காப்பாற்றுவதில் இவர்கள் எங்கேயோ போய்விட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகான மின்தடை மே மாத வெயிலில். நம் புயல் ஐப்பசி, கார்த்திகையில் வருவதால் விசிறி இல்லாமலும் தூங்கலாம், கொசு மட்டும்தான். இங்கே வீட்டுக்குள் இருக்கவே முடியவில்லை, எல்லோரும் மொட்டை மாடி. கொசுவலை வாங்கிக் கொடுங்கள், விசிறியை விட அது மேல்.

பேராவூரணிக்காரன் | துபாய்

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. அப்பாவோடும் பக்கத்து வீட்டுப் பெரியப்பா மகனோடும் பேசிவிட்டேன். இன்வெர்ட்டர் இப்போதைக்கு வேண்டாம். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர், செலவு பாதிப் பாதி. இரண்டு வீட்டிலும் சேஞ்ச் ஓவர். 500 லிட்டர் டேங்கை மாற்றி 2000. கிணற்றை இறைக்க ஆள் சொல்லியாயிற்று, கப்பி போடப் போகிறார்கள். சின்ன சோலார் பேனல், இரண்டு விளக்கு. அண்ணன்தான் ஜெனரேட்டரை ஓட்டுவார், அப்பா தொட மாட்டார் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். வேலு அண்ணா, 1 எச்.பி. மோட்டாருக்கு எந்த அளவு?

வோல்ட்டேஜ் வேலு | கோயம்புத்தூர்

ஓடும்போது ஒரு கிலோவாட் அளவில்தான் இழுக்கும், கிளம்பும்போது அதைப் போல மூன்று மடங்கு கேட்கும். 2.5 முதல் 3 கேவிஏ பாருங்கள். மோட்டாரைக் கிளப்பும்போது வேறு எதுவும் ஓடக் கூடாது. டேங்க் நிரம்ப ஒன்று, ஒன்றரை மணி நேரம் ஆகலாம், நாலைந்து நாளைக்கு ஒருமுறை ஓட்டினால் போதும், அதனால் பெட்ரோலும் அதிகம் வேண்டாம். அதை நாள் முழுக்க ஓட்டி டி.வி. பார்ப்பவர்களுக்குத்தான் மூன்றாம் நாள் பங்க் வரிசை. மாதம் ஒருமுறை பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், பழைய பெட்ரோல் உள்ளே நின்றால் கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும், புயலன்று இழுத்தால் கிளம்பாது.

சரளா | திருத்துறைப்பூண்டி

டேங்க் வாங்குவது இருக்கட்டும், புயல் எச்சரிக்கை வந்ததும் அதை நிரப்பி வைக்கச் சொல்லுங்கள். நிரம்பிய டேங்க் காற்றில் அசையாது, காலி டேங்க் பக்கத்து ஊருக்குப் போய்விடும். வீட்டில் இருக்கிற அண்டா, குண்டான், பக்கெட் எல்லாவற்றிலும் பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு சின்ன ரேடியோவும் வாங்குங்கள். டவர் விழுந்தபின் எங்களுக்குச் செய்தி சொன்னது காரைக்கால் பண்பலைதான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் தென்னை சாய்ந்தால் வழி வெட்ட நல்ல அரிவாளும் ரம்பமும் வேண்டும், மரம் அறுக்கும் மெஷின் அந்த நேரத்தில் கிடைக்காது.

பேர்லாந்து பாலா | ஹூஸ்டன்

போனைப் பற்றி ஒரு வார்த்தை. நெட்வொர்க் அரைகுறையாக இருக்கும்போது கால் போகாது, எஸ்.எம்.எஸ். போகும். பெங்களூர்த் தங்கைக்கு "நலம்" என்று ஒரு வரி அனுப்பினால் போதும், அவர் எல்லோருக்கும் சொல்லட்டும். ஆளாளுக்கு அப்பாவின் போனுக்கே அடித்தால் சார்ஜ்தான் தீரும்.

கம்பத்துக்காரர் | மன்னார்குடி

தம்பி, உங்கள் வீட்டு மின் இணைப்பு எண்ணையும், உங்களுக்குக் கரண்ட் வருகிற ட்ரான்ஸ்பார்மரின் பெயரையும் ஒரு காகிதத்தில் எழுதி மீட்டர் பெட்டிக்குள் ஒட்டச் சொல்லுங்கள். மின்னகம் 94987 94987-க்குப் போன் போடும்போது "எங்க தெருவுல கரண்ட் இல்ல" என்றால் எந்தத் தெரு என்று தேடவே அரை மணி நேரம் ஆகும். கம்பி அறுந்து கிடந்தால் அது செத்த கம்பி என்று நினைத்து யாரும் நகர்த்த வேண்டாம், ஈரத் தரையில் பக்கத்தில் போகவே வேண்டாம், மாட்டையும் விட வேண்டாம். வீட்டுக்குள் தண்ணீர் ஏறும் என்று தெரிந்தால் கால் நனைவதற்கு முன்னால் மெயினை அணைக்க வேண்டும். சுவிட்ச் போர்டு முங்கியிருந்தால் காய்ந்து, எலக்ட்ரீஷியன் பார்த்த பிறகுதான் போட வேண்டும்.

பேராவூரணிக்காரன் | துபாய்

எழுதி ஒட்டச் சொல்லிவிட்டேன் ஐயா. எலக்ட்ரீஷியன் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். சேஞ்ச் ஓவர் தவிர வேறு எதையாவது பார்க்கச் சொல்லட்டுமா?

கம்பத்துக்காரர் | மன்னார்குடி

எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வீட்டில் எர்த் ஒயர் சுவரோடு நின்றிருக்கும், குழியில் இருக்காது. ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாக அணையும் சுவிட்ச்) இல்லையென்றால் 30 மில்லி ஆம்பியரில் ஒன்று போடச் சொல்லுங்கள். சேஞ்ச் ஓவரை மாட்டி முடித்ததும் மூடியைத் திறந்து ஒரு போட்டோ எடுத்து இங்கே போடுங்கள், நியூட்ரலும் சேர்ந்து மாறுகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.